பயன்பாட்டுச் சான்றிதழ்

இருநூறு சொற்களுக்குள் எழுதித் தரும்படி
கடிதம் வந்திருக்கிறது.
உதவித்தொகை பெற்று உயர்ந்தவர்களின் மலராம்.
புகைப்படம் வேண்டுமாம், கோட்டுடன் இருந்தால் நலமாம்.

எழுதுகிறேன்.

மாதம் ஐயாயிரம் என்றது ஆணை.
முதல் எட்டு மாதம் ஆணை மட்டும்தான் வந்தது.
அதை லேமினேட் செய்து
தடாவில் கோட்டம்மா மெஸ்ஸில்
கணக்கு நோட்டுக்கு அடியில் வைத்தேன், பிணையாக.
அவளுக்குத் தெலுங்கே படிக்க வராது.
சிங்க முத்திரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு
இன்னொரு கரண்டி பப்பு ஊற்றினாள்.

பழவேற்காட்டு ஏரியின் வடபாதியில்
சேறு எடுக்க வேண்டும்.
படகுக்காரன் பெயர் எல்லையா.
வனத்துறைப் படிவத்தில் அதை எழுதியதும்
குமாஸ்தா நிமிர்ந்தார்:
"எல்லையா? எந்த மாநிலத்து எல்லை?"
இரண்டு மாநிலத்துக்கும் இரண்டு அனுமதி, ஆறு நகல்.
தண்ணீருக்கு அந்த விவரம் தெரியாது.
பூநாரைகள் ஆந்திரத்தில் மேய்ந்து
தமிழ்நாட்டில் எச்சமிட்டன.

பாதி ஏரி முழங்கால் ஆழம்தான்.
பிளாஸ்டிக் குழாயைச் சேற்றில் இறக்கி
வாயை உள்ளங்கையால் அடைத்து
இருவருமாய் உருவ வேண்டும்.
நாளுக்கு நூற்றிருபது கேட்டான் எல்லையா,
மீன்பாடுள்ள நாளென்றால் நூற்றைம்பது.
என்னைவிட ஒரு வயது இளையவன்,
பேரத்தில் பத்து வயது மூத்தவன்.
ராக்கெட் விடும் நாளில் படகு இறங்கக் கூடாது.
கரையில் உட்கார்ந்து
அறிவியல் மேலே போவதைப் பார்த்தோம்.
"மன பனி?" என்றான்.
நம் வேலை
சேற்றில் கிடந்தது.

பிறகு சல்லடை. பிறகு நுண்ணோக்கி.
மணலைவிடச் சிறிய ஓடுகளில்
குடியிருந்து காலி செய்த ஓரணு உயிர்கள்.
மூன்று பூஜ்யத் தூரிகையை
எச்சில் தொட்டு ஒவ்வொன்றாய் எடுக்க வேண்டும்,
ஒரு மாதிரிக்கு முந்நூறு.
கரண்ட் போனால்
எண்ணிக்கையை வாயிலேயே வைத்துக்கொண்டு
இருட்டில் காத்திருப்பேன்.
யாராவது கதவைத் தட்டினால் போச்சு.
தணிக்கையில் சிவப்பு மை:
"ஓவியத் தூரிகை இரண்டு, ரூபாய் எழுபத்தாறு.
ஆய்வுக்குத் தொடர்பில்லை."
கைக்காசு.

நிலுவை ஒரே காசோலையாய் வந்த அன்று
கோட்டம்மாவுக்கு நாலாயிரத்து எழுநூறு.
எல்லையாவுக்கு ஒன்பதாயிரம்,
எஞ்சினுக்கு முன்பணம் கட்டினான்.
அப்பாவின் சொசைட்டிக் கடனில் மூன்று தவணை.
எனக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்.
இதில் அறிவியலுக்குப் போனது எவ்வளவு என்று
இன்றுவரை பிரிக்கத் தெரியவில்லை.

தேர்வுப் பட்டியலில் நாற்பது பேர்.
நான் முப்பத்தொன்பது.
நாற்பத்தொன்று யாரென்று எனக்குத் தெரியும்.
ஆரம்பாக்கம் பெனினா.
ஒரே ஸ்லைடில் நான் ஆறு இனம் பிரித்தபோது
ஒன்பது பிரித்தவள்.
அரை மதிப்பெண்.
இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் சேர்ந்தாள்,
வாளி வாளியாய் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று
யாரோ சொன்னார்கள்.
நான் விசாரிக்கவில்லை.

எனக்குப் பெயர் வாங்கித் தந்த கட்டுரை
இரண்டு சென்டிமீட்டர் பற்றியது.
குழாயின் எண்பத்திரண்டில் தொடங்கி
எண்பத்து நாலில் முடியும் கறுப்புப் பட்டை.
அதில் கடலுயிர் ஒன்றுகூட இல்லை.
முகத்துவாரம் மணலேறி அடைந்திருந்த வருடங்கள்.
வந்தவற்றை எல்லோரும் எண்ணுவார்கள்.
வராதவற்றைக் கொண்டுதான்
வாய் மூடிய காலத்தைச் சொல்ல முடிந்தது.

மலர்க்குழுவுக்கு:
சொற்கள் இருநூறைத் தாண்டிவிட்டன.
வெட்டிக்கொள்ளுங்கள், தூரிகை வரியைத் தவிர.
கோட்டுப் படம் இல்லை.
பூட்ஸுடன் ஒன்று இருக்கிறது,
ஓரத்தில் எல்லையா பாதி தெரிவான்.
பெனினாவின் முகவரி
இந்த வாரம்தான் கேட்டு வாங்கினேன்.
மலர் இரண்டு பிரதி அனுப்ப இயலுமா?
வேண்டாம்.
ஒன்றே போதும்.